எண்ணெய் தேய்த்த தோட்டாக்கள்

என் தங்கை புருஷன் லைல் ஹெப்னர் வாழ்நாளில் சுட்டு வீழ்த்தியதையெல்லாம் ஓரிடத்தில் குவித்தால், பீன்ஸ் டப்பா, சோடா டப்பா, தக்காளிச் சாறு டப்பா, ஓட்டையான ஒரு பொரிக்கும் சட்டி, இவ்வளவுதான் தேறும். உயிருள்ளது ஒன்றுகூட இல்லை. ஒருமுறை அணிலைக் குறிவைத்து எங்கள் தபால் பெட்டியை அடித்தான். அந்த அணிலின் வம்சம் இன்றைக்கும் என் வால்நட் மரத்தைக் காலி பண்ணிக்கொண்டிருக்கிறது.

அவன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரு தார் ரோடும் ஒரு மக்காச்சோளக் கொல்லையும்தான். ஆகவே ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்து ஒரு வாய் சூப் குடிப்பதற்குள் ஆரம்பித்துவிடும். டப். டிங். டப். டிங். பின்பக்கம் மண்மேட்டுக்கு முன்னால் பலகை போட்டு டப்பாக்களை அடுக்குவான், சுடுவான், நடந்து போய் மறுபடி அடுக்குவான். ஐம்பது வயது ஆனபோதும் அதுதான், அறுபது ஆனபோதும் அதுதான். ஒரு நாய்கூட தூக்கிப் போட்ட குச்சியை எடுத்து வந்து எடுத்து வந்து ஒருகட்டத்தில் சலித்துப் படுத்துவிடும்.

துப்பாக்கியாவது பெரிசா என்றால் அதுவும் இல்லை. இருபத்திரண்டு காலிபர். துப்பாக்கிக் குடும்பத்தில் கடைக்குட்டி. தோள் வலிக்காது, காது அடைக்காது, தோட்டா என் சுண்டுவிரல் நுனி அளவுகூட இருக்காது. மான் துப்பாக்கி வைத்திருப்பவன் வருஷத்துக்கு ஒரு வாரம் காட்டுக்குப் போய் வருவான், அத்தோடு பெண்டாட்டிக்கு நிம்மதி. இருபத்திரண்டுக்காரனுக்கு சீசனே கிடையாது. பென்சில்வேனியாவில் எங்கள் பள்ளத்தாக்கு முழுக்க இந்த வியாதிதான். வளர்ந்த ஆம்பிளைகள், பேரன் பேத்தி எடுத்தவர்கள், டப்பா கீழே விழுந்தால் பல்லைக் காட்டுகிறார்கள்.

"அதுல அப்படி என்னதான்டா இருக்கு?" என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

"சொன்னா உனக்குப் புரியாது வெர்னா. டப்பா விழுந்தா மனசு லேசாயிடுது."

"உனக்கு எப்பவுமே லேசாத்தானே இருக்கு. உள்ள ஏதாவது இருந்தாத்தானே கனக்கும்?"

அவனுக்குக் கோபமே வராது. அதுதான் எனக்கு ஆகாது. தீவன மில்லில் மூட்டை தூக்கினான், ஓய்வு பெற்றான், என் தங்கை ஆர்டிஸ் வைத்ததைத் தின்றான், சுட்டான். அவன் வாழ்க்கை வரலாறு அவ்வளவுதான்.

தீயணைப்பு நிலையத்தில் குளிர்காலத்தில் நடக்கும் பன்றித்தொடைப் பந்தயத்தில் ஒரே ஒருமுறை ஜெயித்திருக்கிறான். அட்டையில் சிலுவைக் கோடு போட்டிருப்பார்கள். கோடு வெட்டும் இடத்துக்கு மிகக் கிட்டத்தில் எவன் தோட்டா விழுகிறதோ அவனுக்குப் புகைபோட்ட முழுப் பன்றித்தொடை. அந்தத் தொடையைத் தின்று, எலும்பில் பீன்ஸ் சூப் வைத்துக் குடித்து, மகள் ஜோலீன் பிறந்து, வளர்ந்து, கல்யாணமாகி ஹாரிஸ்பர்க் போயாயிற்று. அந்தக் கதையை மட்டும் இன்னும் மென்றுகொண்டிருந்தான்.

பிறகு தோட்டாப் பஞ்சம் வந்தது. அந்த வருஷம் நாடு பூரா இருபத்திரண்டு தோட்டா கிடைக்கவில்லை. கடை திறக்கும் முன்பே மடக்கு நாற்காலியும் பிளாஸ்கில் காப்பியுமாக வாசலில் கிழவர்கள் வரிசை. எவனோ சொன்னானாம், இனிமேல் வரவே வராது என்று. லைல் போகாத கடை இல்லை. ஐந்நூறு தோட்டா அடங்கிய பெட்டியை இங்கே செங்கல் என்பார்கள். செங்கல் செங்கலாகக் கொண்டுவந்து நிலவறையில் அடுக்கினான். அங்கே அலமாரியில் என் தங்கை ஊறுகாய் ஜாடி வைத்திருந்தாள். பீட்ரூட்டில் ஊறிய முட்டை, பீச், பீன்ஸ், எல்லாம் அவள் கையால் போட்டது. அத்தனையும் வெளியே வந்தன. பாதி கட்டிலுக்கு அடியில், மீதி நிலவறைப் படிகளில்.

அதைவிடக் கூத்து என்னவென்றால், அத்தனை தோட்டாவையும் வைத்துக்கொண்டு அவன் சுடுவதையே நிறுத்திவிட்டான். மனசு வரவில்லையாம். எச்சில் கையால் காக்கை ஓட்டாதவனைக் கேள்விப்பட்டிருக்கிறேன். இவன் டப்பாவைக்கூட ஓட்டவில்லை. பஞ்சம் தீர்ந்து எல்லாக் கடையிலும் தோட்டா மலிந்தது. அப்போதும் தொடவில்லை. வைக்கோல் போரில் படுத்த நாய் மாதிரி நிலவறையே கதியென்று கிடந்தான். சனிக்கிழமை தோறும் ஒவ்வொரு தோட்டாவாக எடுத்து, துருப் பிடிக்கக் கூடாதென்று துப்பாக்கி எண்ணெயைத் துணியில் தொட்டுத் துடைப்பான். பச்சைப் பிள்ளையைக் குளிப்பாட்டுகிற மாதிரி அத்தனை பக்குவம். சொந்தப் பிள்ளை ஜோலீனை அவன் ஒருநாள் குளிப்பாட்டி நான் பார்த்ததில்லை.

போன இலையுதிர் காலத்தில் ஆர்டிஸ் அந்த நிலவறைப் படியில் ஜாடியோடு உருண்டாள். நான்தான் முதலில் ஓடினேன். தரையெல்லாம் சிவப்பு. என் உயிரே போய்விட்டது. கிட்டப் போனால் பீட்ரூட் சாறு. மண்டை தப்பியது, முழங்கால் தப்பவில்லை. அதன் பிறகு அடுப்புக்கு விறகு கொண்டுவரக்கூட நொண்டினாள்.

சேதி கேட்டதும் ஜோலீன் தன் வீட்டில் அம்மா அப்பாவுக்கென்று ஒரு அறை கட்டிவிட்டாள். படி கிடையாது, விறகு கிடையாது, பக்கத்திலேயே பேத்தி. ஆர்டிஸ் அந்த அறைக்கு ஜன்னல் திரைகூடத் தைத்து மடித்து வைத்துவிட்டாள். அவள் ஆசைப்பட்டு எதையும் கேட்டு நான் அறிந்ததில்லை. இதைக் கேட்டாள்.

"அங்க போய் நான் எங்க சுடுறது?" என்றான் லைல். சமையலறை மேஜையில் நான் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

"இப்ப மட்டும் எங்கடா சுடுற? துப்பாக்கியில ஒட்டடை தொங்குது."

"சுடுறேனோ இல்லையோ, நெனச்சா சுடலாம்ல வெர்னா? அதுதான் முக்கியம்."

"அவ முழங்கால் முக்கியமில்லையா? அடுத்த தடவை உருண்டா பீட்ரூட் சாறா இருக்காது!"

அவன் ஆர்டிஸைப் பார்த்தான். அவள் உருளைக்கிழங்குத் தோலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. எதற்கும் அசையாதவனுக்கு அது எங்கேயோ குத்தியிருக்க வேண்டும்.

"சரி, இப்படி வெச்சுக்கலாம்," என்றான். "பஞ்சத்துல நின்னு போன பந்தயம் இந்த வருஷம் மறுபடி நடக்குது. பன்றித்தொடையை நான் ஜெயிச்சா இங்கயே இருக்கோம். நான் ஜெயிக்கலேன்னா வீட்டை வித்துட்டு வரேன். பேச்சு மாற மாட்டேன்."

"நான் கேட்டுக்கிட்டேன்," என்றேன். "சாமி சாட்சி, நானும் சாட்சி."

ஆர்டிஸ் கத்தியைக் கீழே வைத்தாள். "நெசமாவா லைல்?" என்றாள்.

பந்தயத்தன்று தீயணைப்பு வண்டிகளை வெளியே நிறுத்திவிட்டுக் கொட்டகையில் பெஞ்சு போட்டிருந்தார்கள். கொப்பரையில் பீன்ஸ் சூப். பின்கதவைத் திறந்துவைத்து, பனியில் வைக்கோல் கட்டுகளை அடுக்கி அதில் அட்டை குத்தியிருந்தார்கள். சொந்தத் துப்பாக்கி, சொந்தத் தோட்டா, ஆளுக்கு மூன்று அட்டை. அட்டைக்கு ஒரு தோட்டா. வெடிக்காமல் போனால் அதையே திருப்பிப் போட்டு இன்னொரு தரம் பார்க்கலாம். அப்போதும் வெடிக்காவிட்டால் அந்த அட்டை போயிற்று. நடத்துகிறவர் மெர்ல் கிளிங்கர். முப்பது வருஷமாகத் தீயணைப்புத் தலைவர்.

லைல் தலைசீவி, சர்ச்சுக்குப் போடும் சட்டை போட்டு வந்திருந்தான். இருக்கிற செங்கல்களிலேயே ரொம்பப் பொத்திவைத்த செங்கலைப் பிரித்துக் கொண்டுவந்திருந்தான். தோட்டாக்கள் பளபளவென்று மின்னின. "பாத்தியா மெர்ல், நகை மாதிரி!" என்று காட்டிக்கொண்டான். பிறகு நின்று, மூச்சை அடக்கி, குறிபார்த்து, விசையை அழுத்தினான்.

கிளிக்.

வெடிக்காத தோட்டா தாமதமாகவும் வெடிக்கலாம் என்று, குழலை இறக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே நிற்க வேண்டும். நின்றான். சூப் கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. ஒன்றும் ஆகவில்லை. திருப்பிப் போட்டான். கிளிக். மறுபடி நின்றான். இரண்டாவது அட்டைக்கும் அதே கதை. பின்னால் யாரோ "லைல், வாயால டப்புன்னு சொல்லேன்பா!" என்றான். கொட்டகை அதிர்ந்தது.

மெர்ல் ஒரு தோட்டாவை வாங்கி, முகர்ந்து பார்த்து, விரல்களைத் தேய்த்துக்கொண்டார். "என்னத்தப்பா தடவின?"

"எண்ணெய். துருப் பிடிக்கக் கூடாதுன்னு."

"அடப் பாவி! இதுல மருந்து விளிம்புக்குள்ள இருக்கு. ஈயம் சும்மா செருகித்தான் இருக்கும். வாரா வாரம் தடவினா எண்ணெய் உள்ள இறங்காம என்ன செய்யும்? நீயே எல்லாத்தையும் சாகடிச்சுட்டியேப்பா! இந்தா, என்னோடதப் போட்டு அடி."

"அந்த மட்டமான சரக்கை என் துப்பாக்கியில போட மாட்டேன்," என்றான் லைல். காது வரை சிவந்துவிட்டது. "இந்த வெளிச்சமும் சரியில்ல, குளிரும் சரியில்ல."

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒளிப்பானேன், கைதட்டலாம் போல இருந்தது. நிலவறையில் கிடந்த செங்கல் அத்தனையும் செத்த பிணம்; இவன் வருஷக்கணக்காகப் பிணத்தைக் குளிப்பாட்டியிருக்கிறான்! ஆர்டிஸின் திரைகள் என் கண்ணுக்குள் ஆடின.

அப்போதுதான் அவள் எழுந்தாள்.

"இன்னொரு அட்டை பாக்கி இருக்குல்ல?" என்றாள். "வாங்கின அட்டை எதுக்கு வீணாப் போகணும்? அதை நான் அடிக்கிறேன்."

எங்கள் ஆட்களுக்கு எதையும் வீணாக்கக் கூடாது. பழைய ரொட்டியானாலும் அப்படித்தான், அட்டையானாலும் அப்படித்தான். லைல் வாயைத் திறப்பதற்குள் மெர்ல் தன் தோட்டாவை எடுத்துப் போட்டு, துப்பாக்கியை அவள் கையில் கொடுத்துவிட்டார். நொண்டிக்கொண்டே போய் நின்றாள். எப்படிப் பிடிப்பது என்று ஒருவரும் சொல்லித்தரவில்லை; வாழ்நாளெல்லாம் சமையலறை ஜன்னல் வழியாகப் பார்த்தவளுக்குச் சொல்லித்தர என்ன இருக்கிறது?

டப்.

மெர்ல் பனியில் நடந்து போய் அட்டையைக் கொண்டுவந்தார். தூக்கிக் காட்டினார். சிலுவை வெட்டும் இடத்தைக் காணோம். அங்கே ஓட்டைதான் இருந்தது.

திரும்பும்போது வண்டியை நான் ஓட்டினேன். லைல் பின்சீட்டில். ஆர்டிஸ் பன்றித்தொடையை மடியில் வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் நான் போனபோது லைல் பின்பக்கத்தில் பலகையைப் பிரித்துக்கொண்டிருந்தான். "சொன்னா சொன்னதுதான் வெர்னா. நான் ஜெயிக்கல," என்றான். முகம் தொங்கிப்போயிருந்தது. அன்றைக்கு ஒருநாள் அவனை மனுஷனாக மதித்தேன். பொய் சொல்வானேன்.

ஆர்டிஸ் சமையலறைக் கதவில் வந்து நின்றாள். "அந்தப் பலகை அங்கயே இருக்கட்டும் லைல்," என்றாள். "கடையில போய்ப் புதுசா ஒரு பெட்டி வாங்கிட்டு வா. எண்ணெய் கிண்ணெய் தடவின, கையை ஒடிச்சுடுவேன்."

"ஆர்டிஸ், ஜோலீன் வீடு? அந்த அறை?"

"அவ வீட்டுக்குப் பின்னால வேலி, வேலிக்கு அப்பால இன்னொரு வீடு. அங்க எங்கக்கா சுடுறது?"

"உனக்குப் பைத்தியமா! முழங்காலு? பேத்தி? திரை தைச்சு வெச்சியேடி!"

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் பளபளத்தது. "அக்கா, நான் பாத்த எடத்துல ஓட்டை விழுந்துச்சு. கரெக்டா அங்கயே. என் வாழ்க்கையில நான் நெனச்ச மாதிரியே ஒண்ணு நடந்தது அதுதான்க்கா மொதல் தடவை."

ஆத்திரத்தில் எனக்கு அழுகை வந்தது. வீட்டுக்கு வந்து கதவை அறைந்து சாத்தினேன்.

இப்போது ஞாயிற்றுக்கிழமை என்று கணக்கே இல்லை. செத்த செங்கல்கள் வெளியே போயின, ஜாடிகள் அலமாரிக்குத் திரும்பின. படியிறங்கி எடுத்து வருவது லைல்தான். டப்பாவை ஓடி ஓடி அடுக்குவதும் அவன்தான். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து சுடுகிறாள்.

நேற்று ஜோலீன் எனக்கு போன் பண்ணினாள். "பெரியம்மா, அம்மா எப்பத்தான் வரப்போறாங்க? கேட்டா மழுப்புறாங்க. அறை சும்மா கெடக்கு. பாப்பா தெனமும் பாட்டி எங்கன்னு கேக்குறா." போனோடு ஜன்னல் பக்கம் திரும்பினேன். கொல்லைக்கு அப்பால் இருந்து கேட்டது. டப். டிங்.

"அங்க என்ன சத்தம் பெரியம்மா? அப்பா மறுபடி ஆரம்பிச்சுட்டாரா?"

"உங்கப்பா இல்லடி," என்றேன். "உங்கம்மா."