விழுந்தாளா, பாய்ந்தாளா?

எண்பதுகளின் நடுவில் நடந்தது இது. ஆவடியில், தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸை ஒட்டிய மைதானம். நான் அப்போது பத்தாம் வகுப்பு. பள்ளியின் பெண்கள் கோ-கோ அணிக்கு நான்தான் கேப்டன். அப்போதும் சரி, இப்போதும் சரி, எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ரேஷன் கடை வரிசையில் இடையில் நுழைகிறவர்களிலிருந்து பஸ்ஸில் வேண்டுமென்றே இடிக்கிறவர்கள் வரை யாரையும் சும்மா விட்டதில்லை. அப்படிப்பட்டவள், வாயைத் திறந்து கத்தியிருக்க வேண்டிய ஒரே ஒரு நாளில் என்ன செய்தேன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். எழுதும்போதே ஆத்திரமாக வருகிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோ-கோ பார்க்காதவர்களுக்காக இரண்டு வரி. துரத்தும் அணியில் எட்டுப் பேர் நடுவில் வரிசையாகக் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பார்கள். ஒன்பதாவது ஆள் எதிரணிக்காரர்களை விரட்டுவாள். பிடிக்க முடியாமல் போனால், உட்கார்ந்திருப்பவளின் முதுகில் தட்டி ‘கோ’ என்பாள். தட்டு வாங்கியவள் எழுந்து விரட்ட வேண்டும். கையால் தொட்டால் அவுட். அவ்வளவுதான் ஆட்டம்.

எங்கள் அணியில் ஒருத்தியை ‘பல்லி’ என்று கூப்பிடுவோம். அவளே வைத்துக்கொண்ட பெயர் அது. ஒல்லியாக இருப்பாள். ஓடுகிறவள் கைக்கு எட்டாமல் நழுவும்போது மற்றவர்கள் நின்றுவிடுவோம், இவள் மட்டும் உடம்பை அப்படியே முன்னால் எறிந்து, தரையோடு தரையாக நீண்டு, விரல் நுனியால் குதிகாலைத் தொட்டுவிடுவாள். குவார்ட்டர்ஸில் புது பிளாக் கட்டுவதற்காகக் கொட்டிவைத்திருந்த மணல் குவியலில் விழுந்து விழுந்து பழகியது அது. நானும் கூடப் பழகினேன், எனக்கு வரவில்லை. மேஸ்திரி பார்த்தால் கரண்டியோடு துரத்துவார். "இன்னா பாப்பா, ஊடு கட்ட மண்ணு கொட்னா அதுல நீச்சல் அடிச்சிகினு கீறீங்க?" என்பார். மறுநாள் மறுபடி போவோம்.

அவள் வீடு முத்தாபுதுப்பேட்டையில். அப்பா லாரி ஓட்டினார். பத்தாவது முடிந்ததும் மண்ணூர்பேட்டையில் ஒரு துணி எக்ஸ்போர்ட் கம்பெனியில் சேர்த்துவிடுவதாக வீட்டில் முடிவு செய்திருந்தார்கள். எங்கள் பி.டி. டீச்சர்தான் நேரில் போய்ப் பேசினார். மாவட்டப் போட்டியில் ஆடிய சான்றிதழ் இருந்தால், ஹாஸ்டலோடு பிளஸ் ஒன் சீட் வாங்கித் தருகிறேன் என்றார். அப்பா யோசித்துவிட்டு, "அந்தப் பேப்பர எடுத்துகினு வரட்டும், பாக்கலாம்" என்றாராம். ஆக, மாவட்டத்துக்குப் போனால் படிப்பு, போகாவிட்டால் தையல் மிஷின். அணியில் எல்லோருக்கும் இது தெரியும். எனக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

மாவட்டத்துக்கு எந்தப் பள்ளி போவது என்று முடிவாகும் கடைசி ஆட்டம். அன்றைக்குப் பார்த்து பி.டி. டீச்சர் பிரசவ லீவில் இருந்தார். அவருக்குப் பதிலாகத் தையல் டீச்சர் எங்களை அழைத்து வந்தார். நல்ல மனுஷி. எங்கள் எல்லோருக்கும் விளையாட்டு டிராயர் தைத்துக் கொடுத்ததே அவர்தான். ஆனால் டிராயர் மட்டும் போட்டு ஆடக் கூடாது, மேலே பாவாடை கட்டாயம் என்பது தலைமை ஆசிரியை உத்தரவு. ஓடுவதற்கு ஒன்று, ஊருக்கு ஒன்று என்று இரண்டையும் மாட்டிக்கொண்டு ஆடுவோம்.

எங்களுக்கு முன்னால் பையன்கள் ஆட்டம் நடந்தது. அதில் ஒரு பையன் இரண்டு முறை பாய்ந்து தொட்டான். நடுவர் இரண்டு முறையும் கையைத் தூக்கி அவுட் கொடுத்தார். ஆட்டம் முடிந்து அவன் முதுகில் தட்டிக்கொடுத்ததையும் நான் பார்த்தேன். அதே நடுவர்தான் எங்களுக்கும்.

கடைசி நிமிடங்களில் நாங்கள் ஒரு பாயிண்ட் பின்னால் இருந்தோம். சமமாகிவிட்டாலே போதும், முதல் நாள் ஆட்டங்களில் அதிகம் பேரைத் தொட்டது நாங்கள் என்பதால் மாவட்டத்துக்கு நாங்கள்தான் போவோம். துரத்துவது எங்கள் முறை. தொழிற்சாலையில் பகல் ஷிஃப்ட் விட்டு, ஆட்கள் சைக்கிளை ஓரமாக நிறுத்திக் கூட்டமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பல்லிக்குக் ‘கோ’ விழுந்தது. நான் இரண்டு கட்டம் தள்ளி உட்கார்ந்திருந்தேன். எதிரணிப் பெண் ஒரு பக்கம் போக்குக் காட்டி மறுபக்கம் வளைந்தாள். பல்லி பாய்ந்தாள். மணலில் எத்தனையோ முறை பார்த்ததைவிட நீளமான பாய்ச்சல். அவள் நடுவிரல் அந்தப் பெண்ணின் குதிகாலில் பட்டதை நான் இந்தக் கண்ணால் பார்த்தேன். தொடப்பட்ட பெண்ணுக்கும் தெரியும். தானே நின்று, தலையைக் குனிந்துகொண்டு வெளியே நடக்க ஆரம்பித்துவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து பல்லியின் பாவாடை காற்றில் புரண்டது. சைக்கிள் கூட்டத்திலிருந்து விசில் பறந்தது. யாரோ கேவலமாக என்னவோ கத்தினான். நாலு பேர் சிரித்தார்கள். முழங்கால் வரை டிராயர் போட்டிருந்த பெண் அவள். அந்த டிராயரைத் தைத்த டீச்சரே, கையில் இருந்த துண்டோடு ஓடிவந்து அவளைப் போர்த்தினார். ஏதோ நடக்கக் கூடாதது நடந்துவிட்டது என்று அந்தத் துண்டுதான் மொத்த மைதானத்துக்கும் சொல்லிவிட்டது.

நடுவர் முகம் சிவந்து விசில் ஊதினார். விசில் அடித்தவர்கள் பக்கம் அவர் திரும்பக்கூட இல்லை. வெளியே போய்க்கொண்டிருந்த பெண்ணை உள்ளே கூப்பிட்டார். அவள், "தொட்டுட்டாங்க சார்" என்றாள். "நீ சும்மா இரும்மா" என்றுவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"கேப்டன் நீதானே? இந்தப் பொண்ணு வழுக்கி விழுந்துச்சா, இல்ல வேணும்னே விழுந்துச்சா? வழுக்கி விழுந்து கை பட்டிருந்தா செல்லாது. வேணும்னே விழுந்துச்சுன்னா சொல்லு, ஒழுங்கீனம்னு உங்க ஸ்கூலுக்கு எழுதி அனுப்புறேன்."

இதைவிட அயோக்கியத்தனமான கேள்வியை நான் இன்றுவரை கேட்டதில்லை. அந்த ஆட்டத்தின் விதிப் புத்தகம், தமிழில் அச்சடித்தது, பத்தடி தள்ளி என் பையில் இருந்தது. அட்டை கிழிந்து போகும் அளவுக்குப் படித்திருந்தேன். கையால் தொட்டால் அவுட் என்று இருந்ததே தவிர, நின்றுகொண்டுதான் தொட வேண்டும் என்று அதில் ஒரு வரி கிடையாது. வழுக்கினாலும் அவுட்தான், பாய்ந்தாலும் அவுட்தான். பாய்வது குறுக்கு வழி, ஓடித் தொடுவதுதான் நேர்மை என்று பிற்பாடு சிலர் என்னிடம் வாதாடியிருக்கிறார்கள். அவர்களை ஒன்று கேட்கிறேன். ஓடுகிறவள் குனியலாம், வளையலாம், போக்குக் காட்டலாம், அதெல்லாம் திறமை. துரத்துகிறவள் தன் முட்டியையும் முழங்கையையும் தரையில் தேய்த்து ஒரு முழம் கூடுதலாக எட்டினால் மட்டும் எப்படிக் குறுக்கு வழி ஆகும்? அதில் யார் ஏமாந்தார்கள்? அடிபடுவது அவள் உடம்பு.

இதையெல்லாம் இப்போது எழுதுகிறேன். அன்றைக்கு என் வாயிலிருந்து வந்தது வேறு. கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. தையல் டீச்சர் என் கையைப் பிடித்து, "பெரிய மனுஷங்ககிட்ட வாதாடாத, அந்தப் பொண்ணு பேரு கெட்டுப்போயிடும்" என்று காதோடு சொன்னார். எங்கள் வீட்டிலும் எந்நேரமும் மானம், மரியாதை என்ற பேச்சுதான். வேண்டுமென்றே விழுந்தாள் என்று எழுதிவிட்டால் அவளைப் பள்ளியில் என்ன சொல்வார்கள், அவள் அப்பா என்ன சொல்வார் என்று மனதுக்குள் ஓடியது. அவளைக் காப்பாற்றுவதாகத்தான் நினைத்தேன்.

"வழுக்கி விழுந்துட்டா சார்" என்றேன்.

பல்லி எழுந்து நின்றிருந்தாள். துண்டை உருவித் தையல் டீச்சர் கையில் கொடுத்தாள். உள்ளங்கை இரண்டும் தோல் உரிந்து, செம்மண் ஒட்டியிருந்தது. நடுவரைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தாள்.

"நான் வுழல. பாஞ்சேன்."

நடுவர் காதில் விழாத மாதிரி, ‘விழுந்தது, செல்லாது’ என்று தாளில் எழுதினார். மிச்சமிருந்த நேரத்தில் யாரையும் தொட முடியவில்லை. ஒரு பாயிண்டில் தோற்றோம். கேப்டன் கையெழுத்துப் போட வேண்டும் என்று தாளை நீட்டினார். போட்டேன். அழகாக, கோணாமல், முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது அவள் பின்னாலேயே ஓடினேன். "உன் மானத்தக் காப்பாத்தத்தான் அப்படிச் சொன்னேன்" என்றேன். நின்று திரும்பினாள்.

"என் மானம் பாவாடைலயா கீது? அந்தப் பொண்ண நான் தொட்டேன்டி. அதான் என் மானம். அவ ஒத்துகினா, நீ ஒத்துக்கல."

அதற்குப் பிறகு அவள் என்னிடம் பேசவில்லை. நான் சொன்ன பொய் அவளுக்கு எதற்கும் உதவவில்லை என்பதுதான் இன்னும் எரிகிறது. பஸ் முத்தாபுதுப்பேட்டை போய்ச் சேர்வதற்குள் சைக்கிளில் போன யாரோ அவள் அப்பாவிடம் விசில் கதையைச் சொல்லிவிட்டிருந்தான். நாலு பேர் விசில் அடிக்கிற ஆட்டம் என் பொண்ணுக்கு வேணாம் என்றாராம். பரீட்சை முடிந்த மறு வாரமே மண்ணூர்பேட்டை. நான் பிளஸ் ஒன் சேர்ந்தேன், கல்லூரி போனேன், பாரிமுனையில் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்தது. போகிற இடமெல்லாம் அந்த நடுவர் கதையைச் சொல்லித் திட்டுவேன். கேட்கிறவர்களும் சேர்ந்து திட்டுவார்கள். கதையில் என் பங்கை மட்டும் வசதியாக விட்டுவிடுவேன்.

பத்து வருஷம் போயிருக்கும். ஒரு சாயங்காலம், வேலை முடிந்து ஆவடிக்குத் திரும்பும் மின்சார ரயிலில், பெண்கள் பெட்டியில் உட்கார்ந்திருந்தேன். பட்டரவாக்கத்தில் வண்டி நகர ஆரம்பித்த பிறகு, பிளாட்பாரத்தில் ஒருத்தி டிபன் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தாள். வேண்டாம் வேண்டாம் என்று பெண்கள் கத்தக் கத்த, ஒரே தாவலில் உள்ளே வந்து, நடுக்கம்பியைப் பிடித்தபடி முட்டி போட்டு விழுந்தாள்.

"பாத்து வரக் கூடாதாம்மா, இப்படி வுழுந்துட்டியே" என்றார் கதவோரம் நின்றிருந்த பூக்கார அம்மா.

"வுழலக்கா. பாஞ்சேன்" என்று சிரித்துக்கொண்டே எழுந்தாள்.

முகத்தைப் பார்ப்பதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அவளும் என்னைப் பார்த்தாள். சிரிப்பு அடங்கியது. ஆனால் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, வந்து எதிரில் உட்கார்ந்தாள். கம்பெனியில் சூப்பர்வைசராகிவிட்டாளாம். ஒரு பெண் குழந்தையாம். நான் அந்த நடுவரைப் பற்றி ஆரம்பித்தேன். எப்படி எல்லோரிடமும் சொல்லித் திட்டுகிறேன் என்று சொன்னேன். அவள் என்னை மேலே பேச விடவில்லை.

"அந்தாளு யாரோ. மூஞ்சிகூட எனக்கு ஞாபகம் இல்ல. நீ ‘பாஞ்சா’ன்னு சொல்லி, அப்பவும் அவரு அவுட் குடுக்கலன்னா, தோத்துட்டு ஊட்டுக்குப் போயிருப்பேன். அவ்ளோதான்."

வண்டி அண்ணனூரில் சிக்னலுக்காக நின்றது. "நீ பாஞ்ச. உன் விரல் பட்டுச்சு. நான் பாத்தேன்" என்றேன். பக்கத்தில் இருந்தவர்கள் ஒன்றும் புரியாமல் எங்களைப் பார்த்தார்கள்.

"என்கிட்ட இன்னாத்துக்குச் சொல்ற? எனக்குத்தான் தெரியுமே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, அதுதான் தாங்க முடியவில்லை. ஆவடியில் இறங்கி, பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடந்து போய்விட்டாள்.

அந்த நடுவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை, விசில் அடித்தவர்களையும் மன்னிக்கப்போவதில்லை. ஆனால் இப்போது இந்தக் கதையைச் சொல்லும்போது என் கையெழுத்தையும் சேர்த்தே சொல்கிறேன், ஏனென்றால் அந்த மைதானத்தில் அன்றைக்கு ஒருத்தி விழுந்தது உண்மைதான், அது அவள் இல்லை.