அப்பா தூக்காத துப்பாக்கி

கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு துப்பாக்கி, அதற்கு மேலே ஆணியில் அப்பாவின் படம், நடுவே ஓர் அட்டை: “இவர் ஏந்திய துப்பாக்கி”. லிட்டில் இந்தியாவில் எங்கள் சங்கத்தின் மாடிக் கூடத்தில் வைத்த கண்காட்சியில் இதைப் பார்த்ததும் எனக்குப் பெருமை வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. படத்தைக் கொடுத்தது அக்கா. ஜப்பான்காரன் இந்த ஊரைப் பிடித்து வைத்திருந்த காலத்தில், வெள்ளைக்காரனை விரட்ட இங்கே திரண்ட இந்தியப் படையில் அப்பா சேர்ந்தது உண்மை. அவர் கைக்குத் துப்பாக்கி வரவே இல்லை என்பதும் உண்மை.

“குடுப்பான் குடுப்பான்னு கம்பைத் தோள்ல வெச்சு நடந்தோம். கடைசி வரைக்கும் கம்புதான். வந்தது மலேரியா” என்பார். சொல்லும்போதெல்லாம் அவருக்குக் கோபம் வரும். சொத்து என்று அவர் எனக்கு விட்டுப்போனது அந்தக் கோபம் ஒன்றைத்தான்.

நான் ராணுவப் பட்டறையில் இருபத்தாறு ஆண்டுகள் துப்பாக்கி பழுது பார்த்தவன். பெட்டிக்குள் இருந்ததைப் பார்த்ததுமே கை அரித்தது. குழாயை வெட்டிக் குட்டையாக்கி, முன்கட்டையை இழைத்து, இரும்பெல்லாம் கறுப்புச் சாயம் பூசியிருந்தார்கள். அடியில் இருந்த தோட்டாப் பெட்டியோ சதுரமாக இருந்தது. போர்க்காலத் துப்பாக்கியில் அது சரிந்து இறங்கும். ஆனால் தோட்டாப் பெட்டியைக் கழற்றி மாற்றலாம். அதை மட்டும் வைத்து யாரையும் பொய்யர் என்று சொல்ல முடியாது. இரும்பில் பொறித்த தயாரிப்பு முத்திரை வேண்டும், முத்திரையைச் சாயம் மூடியிருந்தது.

அன்று ஆயுத பூஜை. நம் ஆட்கள் கம்ப்யூட்டருக்கே பொட்டு வைப்பவர்கள், துப்பாக்கி கிடைத்தால் விடுவார்களா? சங்கச் செயலாளர் பெட்டியைத் திறந்து, குழைத்த சந்தனத்தைத் தாராளமாக அள்ளி, கட்டையும் இரும்பும் சேரும் இடத்தில் அப்பிக் குங்குமம் வைத்தார். சூடம் காட்டி முடித்ததும் வழிந்த சந்தனத்தைத் துணியால் வழித்துத் துடைத்தார். இரும்பின் பள்ளங்களில் தங்கியது மட்டும் காய்ந்து வெளுத்து நின்றது. மங்கிப்போன எழுத்தைப் படிக்கப் பட்டறையில் நாங்கள் சுண்ணக்கட்டியைத் தேய்ப்போம். அந்த வேலையைச் சாமி பேரைச் சொல்லி அவரே செய்து கொடுத்துவிட்டார்.

மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தேன். அசோகர் தூண் சிங்கங்கள். அதன் கீழே தோட்டாவின் அளவு. போர்க்காலத்தில் அந்த இடத்தில் வெள்ளைக்கார அரசின் கிரீடம்தான் இருக்கும், சிங்கங்கள் வந்தது இந்தியா குடியரசான பிறகு. அந்த அளவுத் தோட்டாவும் போருக்குப் பிறகு வந்ததுதான். அறுபதுகளில் வங்காளத்தில் செய்து, பழசாகிவிட்டது என்று அரசாங்கம் கழித்ததை, வெளிநாட்டில் யாரோ வாங்கி விற்பனைக்காக வெட்டியிருக்கிறான். எனக்கும் அதற்கும் ஏறக்குறைய ஒரே வயது.

செயலாளரைத் தனியாகக் கூப்பிட்டேன். “தம்பி, இது சண்டை முடிஞ்சு ரொம்ப வருஷம் கழிச்சு செஞ்சது. எங்கப்பாவுக்குக் கம்புதான் குடுத்தாங்க. அட்டையை எடுத்துடுங்க.”

“அங்கிள், சினிமா ஷூட்டிங் சாமான் வாடகைக்கு விடுறவர்கிட்ட எடுத்தது. போலீஸ் பெர்மிட்டுக்கே எவ்ளோ அலைஞ்சேன் தெரியுமா? டிஸ்ப்ளேதானே லா. வர்றவங்களுக்கு இதெல்லாம் தெரியவா போகுது?”

“எனக்குத் தெரியுது.”

“அப்ப பெட்டிக்குள்ள கம்பை வைக்கவா? கம்பைப் பார்க்க யாரு அங்கிள் வருவா?”

இருபது வயதுகூட ஆகாதவன் கையில் கம்பைக் கொடுத்து, போய்ச் செத்து வா என்று அனுப்பப் பார்த்தார்களே, அதுதானே ஐயா கதை? அதை விட்டுவிட்டு வாடகைச் சாமானுக்குச் சூடம் காட்டுகிறார்கள். பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பொங்கோலிலிருந்து பட்டுப்புடவையில் வந்திருந்த அக்காவிடம் போனேன்.

“அக்கா, நீயாவது சொல்லு. அப்பா உன்கிட்ட என்ன சொன்னாரு?”

அக்கா படத்தின் மாலையைச் சரிசெய்துகொண்டே சொன்னாள். “கம்புன்னுதான் சொன்னாரு. எனக்குத் தெரியாதா? இதுங்க ஸ்கூல்ல போய்ச் சொல்லணும்டா. கம்பு தூக்கினாருன்னு சொன்னா சிரிக்க மாட்டாங்க?”

தெரியாமல் செய்திருந்தால் மன்னித்திருப்பேன். அவள் தெரிந்தே செய்திருக்கிறாள், அப்பாவை நினைத்து வெட்கப்பட்டிருக்கிறாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவள் கையை விலக்கிவிட்டுப் படத்தை ஆணியிலிருந்து கழற்றினேன். யாரும் தடுக்கவில்லை. என் வீடு இருக்கும் குவீன்ஸ்டவுன் வரைக்கும் ரயிலில் அப்பாவை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

மறுவாரம் தேக்கா சந்தைக்கு மீன் வாங்கப் போனவன், மனம் கேட்காமல் பக்கத்திலிருந்த சங்கத்து மாடியும் ஏறினேன். அட்டையை எடுத்திருப்பார்கள் என்று உண்மையாகவே நம்பினேன். துப்பாக்கி இருந்தது, அட்டையும் இருந்தது. மேலே அதே ஆணியில், வேறு யாருடைய அப்பாவோ மாலையோடு தொங்கிக்கொண்டிருந்தார்.