நான் கேட்காத விடுப்பு

எங்கள் அக்கா பாறசாலைக்குப் பக்கத்தில், சண்டையைத் தமிழில் தொடங்கி மலையாளத்தில் முடிக்கும் ஒரு வீட்டில் தலைமகளாகப் பிறந்தார்கள். நான் கடைசி. எனக்கு எட்டு வயதில் அம்மா தவறினார்கள். அத்துடன் அக்காவின் படிப்பு ஒன்பதாம் வகுப்பில் நின்றது, என்னுடையது தொடர்ந்தது. நான் கணக்கில் தோற்கும்போதெல்லாம் தலைமையாசிரியர் முன் வந்து நின்றது அக்காதான்.

பின்னர் உதியன்குளங்கரையில் கொத்தனாராக இருந்த அத்தானுக்கு வாழ்க்கைப்பட்டார்கள். சாரத்திலிருந்து விழுந்து அத்தான் படுக்கையானபோது, ஓர் அரசுப் பள்ளியில் மதியச் சாப்பாடு சமைக்கும் வேலைக்குப் போனார்கள். அத்தானை இறுதிவரை பார்த்ததும், ஒரே மகள் பிரீதாவைப் படிக்கவைத்துக் கட்டிக்கொடுத்ததும் அந்த அடுப்படி வருமானத்தில்தான். பிந்தி வரும் பிள்ளைக்குத் தன் பங்குச் சோற்றை வைத்துவிட்டு, "எனக்கு இண்ணைக்கு வயிறு செரியில்ல" என்பார்கள். கோபம் வந்தால் வாய் திறக்க மாட்டார்கள், பாத்திரங்கள் பேசும்.

இவையெல்லாம் அக்காவின் ஓராண்டு நினைவுக்குக் கூடியிருக்கும் உங்களுக்குத் தெரிந்தவை. தெரியாத ஒன்று உண்டு. கடைசி நாட்களில் நான் வந்து அக்காவைப் பார்க்காததற்கு, என் பிள்ளைகளின் பள்ளி விடுப்புத் தராததுதான் காரணம் என்று நம்புகிறீர்கள். அக்காவும் அப்படி நம்பித்தான் கண்ணை மூடினார்கள். அது பொய். சொன்னவன் நான்.

என் மனைவிக்கு இங்கிலாந்தில் நர்ஸ் வேலை கிடைத்து, இரண்டு பிள்ளைகளோடு போனோம். டி.சி., நன்னடத்தைச் சான்று, தடுப்பூசி அட்டை, போதாக்குறைக்கு என் பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் என்று ஒரு தடித்த ஃபைலுடன் விடியற்காலையிலேயே பள்ளி வாசலில் நின்றேன். சேர்க்கை அங்கே இல்லை, நகராட்சிக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்றார்கள். ஃபைலை யாரும் திறக்கவில்லை. நான்காம் வகுப்பிலிருந்து போன மகனை வயதைப் பார்த்து ஐந்தாம் ஆண்டில் உட்காரவைத்தார்கள். நான் உடனே அக்காவை அழைத்தேன்.

"அக்கா, பயலுக்கு டபிள் புரமோஷன்!"

"எலே, அவனுக்க வயசுக்காக்கும் இருத்தினது. நீ கெடந்து துள்ளாத" என்றார்கள் அக்கா. அடுப்படியிலிருந்தே அவர்களுக்குப் புரிந்தது, ஃபைல் சுமந்த எனக்குப் புரியவில்லை.

மகனுக்கு ஒரு பள்ளி, மகளுக்கு வேறொரு பள்ளி. இரண்டுக்கும் நடுவே மூன்று மாதம் ஓடினேன். காத்திருப்போர் பட்டியலில் நகர்ந்து நகர்ந்து, ஒருவழியாக இருவருக்கும் ஒரே பள்ளியில் இடம் கிடைத்தது. அப்போதுதான் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் ஒருவர், அனுமதியில்லாமல் லீவு போட்டால் அபராதம் என்று எழுதினார். இன்னொருவர், பெயரையே வெட்டிவிடுவார்கள் என்றார். மிச்சத்தை என் மூளை எழுதியது: விசா ரத்து, போலீஸ், ஊருக்குத் திருப்பியனுப்பும் விமானம்.

அந்த வாரம் பிரீதா அழைத்தாள். "மாமா, அம்மைக்கு ஈரல் தீந்துபோச்சு. டாக்டர் பதினஞ்சு நாளுண்ணு சொல்லுதாரு. பிள்ளையள ஒருக்கா பாக்கணுமாம்."

மனைவிக்குப் புது வேலை, விடுப்பு இல்லை. நான் போவதென்றால் பிள்ளைகளையும் கூட்டித்தான் போக வேண்டும். கேட்பதற்காகப் பள்ளி அலுவலகத்துக்குப் போனேன். வழியெல்லாம் ஆங்கிலத்தில் ஒத்திகை. உள்ளே இருந்த பெண் சிரித்த முகத்தோடு, என்ன உதவி வேண்டும் என்றார். அபராதம், விசா, போலீஸ் எல்லாம் ஒரே நேரத்தில் நினைவுக்கு வந்தன. மகளின் தண்ணீர் பாட்டில் தொலைந்துவிட்டது என்றேன். ஒரு கூடையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நன்றி சொல்லி வாங்கிவந்தேன்.

"அப்பா, இது யாருக்க பாட்டில்?" என்றாள் மகள்.

அன்று மாலை அக்கா கேட்டார்கள்: "எப்பம் வாற மக்கா?"

"ஸ்கூல்ல லீவு தரமாட்டாவ அக்கா."

"கேட்டியா?"

"கேட்டேன். ஹெட்மிஸ்ட்ரஸ் பற்றாது, முடியாதுண்ணு சொல்லியாச்சு."

"சாரமில்ல, போட்டும். பிள்ளையளுக்க படிப்பாக்கும் முக்கியம்" என்றார்கள்.

அடுத்து அக்கா செய்ததுதான் என்னைத் தூங்கவிடாதது. ஞாயிற்றுக்கிழமை சபையில் வாசிக்க பிரீதா கையில் ஜெபக்குறிப்பு எழுதிக் கொடுத்தார்கள். தன் சுகத்துக்காக அல்ல. இங்கிலாந்தில் ஒரு தலைமையாசிரியையின் மனம் இளகுவதற்காக. சபை முழுவதும் எழுந்து நின்று ஜெபித்ததாம். யாரும் எதுவும் கேட்டிராத ஓர் அம்மையாருக்காக!

பன்னிரண்டாம் நாள் அக்கா போய்விட்டார்கள். பயத்தை விழுங்கி அந்தத் தலைமையாசிரியையின் அறைக்குப் போனேன். செய்தியைக் கேட்டதும் அவர் எழுந்துவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள் என்றார். அக்கா நோயாக இருந்தார்களா, ஏன் முன்பே சொல்லவில்லை, அப்போதே விட்டிருப்பேனே என்றார்.

அடக்கத்துக்கு வந்தபோது பந்தலில் ஒரு சித்தி எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்கள்: "செத்த பெறவு மட்டும் லீவு குடுத்தாளாக்கும், கல்நெஞ்சுக்காரி!" பக்கத்தில் இருந்தவர்களும் தலையாட்டினார்கள். எதற்கும் ஒரு தமாஷ் வைத்திருக்கும் நான் வாய் திறக்கவில்லை. இன்னொருத்தியின் தலையில் என் குற்றம் இறங்கியது எனக்கு வசதியாக இருந்தது.

இரவும் பகலும் அக்காவின் அருகில் இருந்த மகள் பிரீதாவுக்கும் அவள் கணவருக்கும், நெய்யாற்றின்கரை மருத்துவமனைக்கு அழைத்தபோதெல்லாம் ஆட்டோ கொண்டுவந்த அண்டைவீட்டாருக்கும், கஞ்சி கொண்டுவந்து ஊட்டிய பள்ளிச் சமையலறைத் தோழிகளுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நான் செய்ய வேண்டியதை நீங்கள் செய்தீர்கள். ஜெபித்த சபையாரிடமும், திட்டு வாங்கிய அந்த அம்மையாரிடமும் மன்னிப்புக் கேட்கிறேன்.

இந்த ஓராண்டு நினைவுக்கு வர, பள்ளியில் முறைப்படி விடுப்புக் கேட்டேன். ஒரு பக்கத் தாள். காரணம் எழுத இரண்டு வரி இடம். மறுநாளே அனுமதி வந்தது. அக்கா, பிள்ளைகள் இருவரும் உங்கள் படத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள்.

நாலு நிமிச வேலையாக்கும், அக்கா. நான் கேக்கல்ல.