விடுதி எப்போது பூட்டப்படும்?

பத்து வயதில் என்னிடம் இரண்டு செல்வங்கள் இருந்தன: பேச்சுப் போட்டியில் வென்ற ஒரு கேடயம், எவரையும் எளிதில் நம்பாத ஒரு மனம். அக்காவுக்குக் கல்லூரி பார்க்கும் பயணங்களில் அந்த மனத்தோடுதான் நானும் தொற்றிக்கொண்டேன். அக்கா பன்னிரண்டாம் வகுப்பை முடித்திருந்தாள். விளம்பரத் தாளை நம்பக்கூடாது, நேரில் பார்க்க வேண்டும் என்பது சுரங்கத்தில் வேலை பார்த்த அப்பாவின் கொள்கை. நைட் ஷிப்ட் முடிந்து ஓய்வு கிடைக்கும் நாள்களில் எங்களைப் பஸ் ஏற்றி அழைத்துச் செல்வார்.

முதல் கல்லூரியின் வேதியியல் ஆய்வகத்து வாசலில் அக்கா நின்ற நிலையைப் பார்த்ததும், இனித் தேடல் தேவையில்லை என்றே முடிவு செய்தேன். அலமாரிக்குள் இருந்த குடுவைகளை ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக்கொண்டிருந்தாள். ஆனால் விடுதியைக் காட்டிய காப்பாளரிடம் அவள் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

“லீவுல ஹாஸ்டல் தெறந்திருக்குமாங்க?”

“லீவுல இங்க யாரும்மா இருக்கப் போறீங்க? பூட்டிக்கினு நாங்களும் வூட்டுக்குப் போயிடுவோம்.”

அக்காவின் முகம் சட்டென்று வாடியது. நான் அதைக் குறித்துக்கொண்டேன்.

பண்ருட்டிக்கு அப்பால் இருந்த இரண்டாம் கல்லூரியில் ஆய்வகம் சிறியது. பாதிக் குழாய்களில் கைப்பிடியே இல்லை. அங்கும் அதே கேள்வி. ஆண்டு முழுவதும் திறந்திருக்கும் என்று பதில் வந்தது. “இது போதும்ப்பா” என்றாள் அக்கா, மேற்கொண்டு ஒன்றையும் பார்க்காமல்.

திரும்பும் வழியில் காடாம்புலியூரில் பஸ் நின்றபோது, அப்பா இறங்கி ஒரு பலாக்கன்று வாங்கினார். வீட்டில் அம்மா அதைப் பழைய பெயிண்ட் வாளியில் நட்டார். குவார்ட்டர்ஸின் பின்புறம் அவ்வளவு மண் கிடக்கும்போது வாளி எதற்கு என்று கேட்டேன். “இருக்கட்டும்டி” என்றார். சந்தேகத்துக்கு இன்னொரு சான்று சேர்ந்தது.

அன்று மாலை கூடத்தில் எழுந்து நின்றேன்.

“நடுவர் அவர்களே!” என்று அப்பாவை விளித்தேன். “லீவுக்கு வர்றதுக்கு நமக்குன்னு ஒரு வீடு இருக்கு. அப்புறம் பூட்டாத ஹாஸ்டலை அக்கா ஏன் தேடணும்? திரும்பி வராம இருக்கத்தான் திட்டம் போடுறா!”

வழக்கமாக, “வக்கீலம்மா, உக்காருங்க” என்று கேலி செய்யும் அக்கா அன்று வாய் திறக்கவில்லை. அம்மா அப்பாவைப் பார்த்தார். எதிரணி பேச்சிழந்தால் வெற்றி நமதே என்பது நான் பெற்ற பயிற்சி.

அப்பா அக்காவிடம் மெதுவாகக் கேட்டார்: “அந்த மொத லேப்தான உனக்குப் புடிச்சிது?”

“புடிச்சிதுப்பா. பூட்டிடுவாங்களே.”

“சரி. நீ சொன்னதையே போட்டுக்கலாம்.”

நடுவர் விலைபோய்விட்டார் என்று எண்ணினேன்.

அப்பாவின் பணி ஓய்வுக்கு இன்னும் ஒன்றரை ஆண்டே இருந்தது. ஓய்வு பெற்றதும் சுரங்க நிர்வாகம் கொடுத்த குவார்ட்டர்ஸைக் காலி செய்து சாவியை ஒப்படைக்க வேண்டும். அதன்பின் எந்த ஊர், எந்த வீடு என்பது அப்பாவுக்கே தெரியாது. அக்கா அப்போது படிப்பின் நடுவில் இருப்பாள். இதை மூவரும் அறிந்திருந்தார்கள். வாய்விட்டு ஒருவரும் பேசியதில்லை. நானோ, வாசல் சுவரில் பெயிண்டால் எழுதியிருந்த குவார்ட்டர்ஸ் எண்ணை எங்கள் சொத்து என்றே நம்பிக்கொண்டிருந்தேன்.

ஆகவே மறுநாள் காலை, தீர்ப்பை எதிர்த்து நானே செயலில் இறங்கினேன். வாளியைக் கவிழ்த்துக் கன்றை எடுத்து, துணி துவைக்கும் கல்லுக்கு அருகில் குழி தோண்டி நட்டேன். ஷிப்ட் முடிந்து வந்த அப்பா, உடையிலிருந்த கரித்தூசியைக்கூடத் தட்டாமல் பார்த்துக்கொண்டே நின்றார். தடுக்கவில்லை. அம்மா வெற்று வாளியைக் கையில் எடுத்தார். பிறகு கீழே வைத்துவிட்டார்.

“இது நம்ம வீட்டு மரம். இனிமே யாராலயும் அசைக்க முடியாது!” என்று அறிவித்தேன்.

கைதட்டல் எழவில்லை. அக்கா மட்டும் குவளையில் தண்ணீர் கொண்டுவந்து, குனிந்து, அந்த மண்ணில் மெல்ல ஊற்றினாள். தோற்றவள் வென்றவளுக்குச் செய்யும் மரியாதை என்று நான் அதைத் தலைநிமிர்ந்து ஏற்றுக்கொண்டேன்.