பேச்சியம்மா எழுந்து நின்ற நாள்

சனிக்கிழமை மதுரை ரயிலில் வந்து இறங்கிய மகள், கொண்டுவந்த பையைக்கூட அவிழ்க்காமல் செல்பேசியோடு கட்டிலில் சாய்ந்துவிட்டாள். கல்லூரித் தோழிகள் எல்லோரும் சேர்ந்து ஏதோ ஒரு போர்க்கதைத் தொடரைப் படிக்கிறார்களாம். இளவட்டப் பிள்ளைகளுக்கென்று எழுதியது, ஆறு தடித்த புத்தகங்கள். படித்து முடித்துவிட்டு, அதில் வரும் நாயகர்களில் அதிகம் தியாகம் செய்தது யார் என்று தங்களுக்குள் ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நீ யாருக்கும்மா போடுவ?" என்றாள், தலையைத் தூக்காமலே.

நான் அன்று காலை முழுக்கப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளின் விவரங்களைச் செல்பேசியில் ஏற்றி, அது மூன்று முறை பாதியில் நின்று, நான்காம் முறையும் ஏற்றிவிட்டு வந்திருந்தேன். ஓய்வு பெற இன்னும் கொஞ்ச காலந்தான். அந்த அசதியில் யோசிக்காமல், "தோமா" என்றேன்.

"அப்பிடி யாருமே இதுல இல்லம்மா" என்று சிரித்தாள்.

உண்மைதான். அவன் வேறு ஒரு தொடரில் வருகிறவன். அவளுக்குத் தேநீர் போட அடுக்களைக்குப் போய் இரண்டு ஏலக்காயை நசுக்கினேன். போடியில் பிறந்தவர்களுக்கு ஏலக்காய் மணம் தெரியாது என்பார்கள். வெளியூர்க்காரர்கள்தாம் பஸ்சை விட்டு இறங்கியதும் மூக்கை இழுத்து, "ஆகா" என்பார்கள். எனக்கு எப்போதாவது தெரியும். உடம்பு ரொம்ப ஓய்ந்திருக்கிற நேரங்களில், அதுவும் காய் கொஞ்சம் வெடித்ததாக இருந்தால்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டு ஆசிரியர் பயிற்சிக்கு இடம் கிடைக்கும் வரை, ஒரு வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக, நான் ஒரு ஏலக்காய்க் கிட்டங்கியில் வேலை பார்த்தேன். மலையிலிருந்து உலர்த்தி வரும் காயைச் சல்லடையில் சலித்து, பெரிசு, சிறிசு, வெடித்தது, வெளுத்தது என்று கையால் பிரிக்கிற வேலை. பதினொரு பெண்கள் சாக்கை விரித்து, ஆளுக்கொரு முறத்தோடு எதிரெதிராக உட்கார்ந்திருப்போம். மின்விசிறி போட்டால் தோல் பறக்கும் என்று போட விடமாட்டார்கள். மத்தியானத்துக்கு மேல் உள்ளே வெந்து போகும். தலைமுடியிலிருந்து சோற்றுக்கை வரை பச்சை வாசம்.

அந்த வெக்கையில் தூங்கி விழாமலிருக்கத்தான் புத்தகம் வந்தது. நூலகத்திலிருந்து நான் எனக்காக எடுத்து வைத்திருந்ததைப் பேச்சியம்மா பார்த்துவிட்டாள். ராசிங்காபுரத்திலிருந்து வருகிறவள். நாற்பத்தைந்து வயசிருக்கும். புருசன் செத்துப் பல காலம். மகளைக் கம்பத்தில் கட்டிக்கொடுத்துவிட்டுத் தனியாக இருந்தாள். எழுத்து தெரியாது.

"அதுல என்ன எழுதியிருக்கு? எங்களுக்கும் சொல்லேன்த்தா" என்றாள்.

"படிச்சா சோலி என்னாகும்?"

"ஒன் பங்குக் காய நாங்க பத்துப் பேரும் பகுந்துக்கிறோம். நீ படி."

அப்படித்தான் ஆரம்பித்தது. எனக்கு மிஞ்சியது ஒரே ஒரு வேலை. பிரித்து முடித்த காயை மூட்டை கட்டுமுன் உள்ளே கைவிட்டு ஒரு கை அள்ளிப் பார்த்து, சரியாக இருந்தால் வாயைக் கட்டித் தரம் எழுதிய அட்டையைத் தொங்கவிட வேண்டும். படித்தவள் என்ற மரியாதைக்காகக் கொடுத்த வேலை. எனக்கு அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது. மேற்பார்வைக்கு இருந்த செல்வம் அண்ணன் முதல் இரண்டு நாள் அதட்டினார். மூன்றாம் நாள் தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நின்று கேட்க ஆரம்பித்தார்.

அதுவும் ஒரு போர்க்கதைத் தொடர்தான், ஐந்து பாகம். ஏதோ ஒரு வெளிநாட்டு மலைக்கிராமம். எதிரிப்படை உள்ளே புகுந்ததும் சில இளவட்டங்கள் காட்டுக்குள் போய்விடுகிறார்கள். அவர்களில் ஆந்த்ரே, படை வரும் தொங்குபாலத்தைத் தகர்த்து அதோடு தானும் போய்விடுகிறான்; முதல் பாகமே அவன் கல்லறையில்தான் தொடங்குகிறது. லினா தன் கைக்குழந்தைத் தம்பியை முகம் தெரியாத ஒரு குடும்பத்திடம் விட்டுவிட்டு வருகிறாள். போர் முடிந்த பிறகும் அவனை உரிமை கொண்டாடுவதில்லை. தோமா எதிரி முகாமில் ரொட்டி சுடுகிறான். அங்கிருந்து ரகசியம் அனுப்புகிறவன் அவன்தான் என்று ஊருக்குத் தெரியாது. துரோகி என்று அவன் முகத்தில் துப்புகிறார்கள். எங்கள் கிட்டங்கியில் ஆந்த்ரே 'ஆண்டி' ஆனான், லினா 'லீலா' ஆனாள். தோமா மட்டும் பெயர் மாறாமல் தப்பித்தான்.

சோற்று வேளையில் சண்டை நடக்கும். யார் கொடுத்தது பெரிது என்று.

"ஆண்டிக்கு மேல எவன் இருக்கியான்? உசுரையே குடுத்துட்டான்" என்பாள் மகேஸ்வரி. என் வயசுக்காரி. அவனைக் கட்டிக்கொள்ளவே தயாராக இருந்தாள்.

"செத்தவனுக்கு அன்னைக்கோட தீந்துச்சு. புள்ளைய விட்டுட்டு வந்தவ தெனம் முழிச்சுக் கெடக்கணும்ல" என்பாள் பேச்சியம்மா. சில நாள் தோமா பக்கம் சாய்வாள். "பாவம், அவனுக்குத்தேன் ஒரு நாதியும் இல்ல."

நான் நடுவராக உட்கார்ந்து தீர்ப்புச் சொல்லுவேன். பத்தொன்பது வயதில் எனக்குத் தெரியாதது ஒன்றுமே இல்லை.

நான்காம் பாகத்தில் அந்தப் பாலம் வந்தது. மழை இருட்டிக்கொண்டு நின்ற ஒரு மத்தியானம். ஆந்த்ரே கயிற்றைப் பிடித்துத் தொங்குகிறான், எதிர்க்கரையில் குதிரைகள் தெரிகின்றன. மகேஸ்வரி முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துக் காயை எந்தக் குவியலில் போடுகிறோம் என்று பார்க்காமலே போட்டுக்கொண்டிருந்தாள். மற்றவர்கள் கையும் அந்த லட்சணந்தான். மூட்டை நிறைந்துவிட்டது, கட்டு என்றார்கள். நான் ஒரு கையில் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டே எழுந்தேன். உள்ளே கைவிட்டுப் பார்க்கவில்லை. கட்டினேன், அட்டையைத் தொங்கவிட்டேன், திரும்ப வந்து உட்கார்ந்து ஆந்த்ரேயைச் சாகடித்தேன்.

அந்த வார ஏலத்தில் மாதிரிக்கு எடுத்தது அந்த மூட்டை. முதல் தரம் என்று அட்டை தொங்க, உள்ளே பாதிக்குப் பாதி வெடித்ததும் வெளுத்ததும். வியாபாரிகள் எல்லோர் முன்னாலும் மாதிரித் தட்டைத் தள்ளிவிட்டார்களாம். முதலாளி மறுநாள் காலை கிட்டங்கிக்கே வந்துவிட்டார். அவர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"வேலை நேரத்துல கத படிக்கிறீகளாம்ல. மூட்டையக் கட்டுனது யாரு?"

செல்வம் அண்ணன் தரையைப் பார்த்தார். நான் என் முறத்தைப் பார்த்தேன்.

பேச்சியம்மா எழுந்து நின்றாள். முட்டியில் கை ஊன்றி, மெதுவாகத்தான் எழுந்தாள்.

"நாந்தேன் கட்டுனேன்."

"நீயா? படிச்சதும் நீதானா? ஒனக்கு எழுத்து தெரியுமா?"

"படிக்கச் சொன்னது நாந்தேன். கட்டுனதும் நாந்தேன்."

அவர் எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். பேச்சியம்மாவும் பார்த்தாள். நான் நிமிராமலே அது எனக்குத் தெரிந்தது. கூரையில் மழை விழ ஆரம்பித்த சத்தம் கேட்டது.

"சரி, நாளையிலிருந்து நீ வர வேணாம்" என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அவள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு, சேலையில் ஒட்டியிருந்த தோலை உதறிவிட்டுப் போனாள். அப்போது ஆசிரியர் பயிற்சிக்கான கடிதம் எனக்கு வந்துவிட்டிருந்தது. இருபது நாளில் நானே நின்றுவிடப் போகிறவள். எழுந்து சொல்லியிருந்தால் எனக்கு நட்டமென்று ஒன்றும் இல்லை. ஏன் எழவில்லை என்று இத்தனை வருடமாக நானும் கேட்டுப் பார்க்கிறேன். அப்பா திட்டுவார், பயிற்சிக்கு ஏதாவது இடைஞ்சல் வரும் என்றெல்லாம் பிற்பாடு நானாகச் சேர்த்துக்கொண்டவை. கால் எழவில்லை, அவ்வளவுதான்.

பயிற்சிப் பள்ளியின் முதல் விடுமுறையில், ஐந்தாம் பாகத்தை நூலகத்தில் எடுத்துக்கொண்டு ராசிங்காபுரம் போனேன். வீடு பூட்டிக் கிடந்தது. ஏலக்காய்த் தோட்ட வேலைக்கு மலைக்குப் போகிறாள், சாயங்காலம் ஜீப்பு வரும் என்றார்கள் பக்கத்தில். காத்திருந்தேன். ஜீப்பு வந்து நின்றதும் பத்துப் பதினைந்து பேர் ஒருவர் மடியிலிருந்து ஒருவராக இறங்கினார்கள். கடைசியில் பேச்சியம்மா. கணுக்காலில் அட்டை கடித்து ரத்தம் காய்ந்திருந்தது. போடிமெட்டு மலைப்பாதை வளைவுகளில் தினமும் ஏறி இறங்கியதில் ஆளே பாதியாகியிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் சிரித்தாள். "வாத்தா, டீச்சரம்மா. மேல மலையாளத்தாளுக எல்லாரும் என்னைய சேச்சிங்கிறாக, தெரியுமா?" என்றாள். கால் கழுவிவிட்டு அடுப்பைப் பற்ற வைத்தாள். நான் புத்தகத்தைப் பிரிக்கப் போனேன்.

"வெரசாச் சொல்லு. கண்ணச் சொக்குது. அந்தத் தோமாப் பய என்னானான்?"

"ஒண்ணும் ஆகல. கடைசி வரைக்கும் ஊருக்கு உண்ம தெரியவே தெரியாது. அப்பிடியே முடிச்சிட்டாங்க."

"அவன் வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லியிருக்கலாம். யாரும் கேக்கலையே."

அவள் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தாள். இப்போது கேட்காவிட்டால் எப்போதும் கேட்க முடியாது என்று தோன்றியது. "அன்னைக்கு எதுக்குக்கா அப்பிடிச் சொன்னீங்க? எனக்காகவா?"

அவள் ஊதுகுழலைக் கீழே வைத்தாள்.

"ஒனக்காக ஒண்ணுமில்ல. நா எந்திரிச்சா நீயும் எந்திரிப்பேன்னு நெனச்சேன். நீ எந்திரிச்சா மகேசு எந்திரிப்பா. பதினோரு பேரும் நின்டா அவரு யாரத்தேன் அனுப்புவாரு? திட்டிட்டுப் போயிருவாரு, அம்புட்டுத்தேன். ஒருத்தியும் எந்திரிக்கல. எந்திரிச்சது எந்திரிச்சாச்சு, அப்பறம் எப்பிடி உக்கார்றது?"

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. உப்புக் கூடிவிட்டது என்பது போலத்தான் சொன்னாள். "சுடுசோறு இருக்கு, தின்னுட்டுப் போ" என்றாள். தின்றேன்.

பிறகு வேலை, கல்யாணம், மாறுதல், பிள்ளை. ராசிங்காபுரத்தைக் கடந்து எத்தனையோ முறை பஸ்சில் போயிருக்கிறேன். ஒரே ஒரு முறை இறங்கினேன். அவள் செத்து இரண்டு மழைக்காலம் ஆகிவிட்டது என்றார்கள். முட்டி முழுதாகப் போகும் வரை மலைக்குப் போய்க்கொண்டுதான் இருந்தாளாம்.

இப்போது காய்களைத் தரம் பிரிக்க இயந்திரம் வந்துவிட்டது. ஒவ்வொரு காயையும் ஒளியில் பார்த்து, வெளுத்ததைத் தனியாக ஊதித் தள்ளுகிறதாம். கிட்டங்கி இருந்த இடத்தில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு வரும் வண்டிகளை நிறுத்துகிறார்கள். அந்த ஐந்து பாகங்களையும் நூலகத்தில் கேட்டுப் பார்த்தேன். பதிவேட்டில்கூட இல்லை. செல்வம் அண்ணன் காலமாகிவிட்டார். மகேஸ்வரி திருப்பூரில் எங்கோ இருப்பதாகச் சொன்னார்கள். மற்றவர்களும் ஊரில் இல்லை; அவர்களின் முகங்களே எனக்கு ஒன்றோடொன்று குழம்பிவிட்டன.

அந்த மூட்டையைக் கட்டியது யார் என்று தெரிந்த ஆள் இன்று போடியில் நான் ஒருத்திதான்.