பால்மாப் பேணியும் வாய்க்கால் திறப்பும்

என் தம்பிக்கு முதல் முறை திருமுழுக்குக் கொடுத்தபோது எனக்குப் பத்து வயது. யுத்தத்தால் இடம்பெயர்ந்து ஜெயபுரத்தில் இருந்தோம். பாலை மரத்தடியில் தறப்பாள் இழுத்துக் கட்டியதுதான் கோயில். குழந்தைக்கு மூன்று நாளாகக் காய்ச்சல்; தங்குவானோ என்று அம்மாவுக்கே நம்பிக்கை இல்லை. குழாய்க் கிணறு வெகு தூரம். நான்தான் ஒரு வெறும் பால்மாத் தகரப் பேணியில் தண்ணீர் கொண்டுவந்தேன். வழியில் பாதி சிந்திவிட்டது, மிச்சமும் கலங்கல். அம்மா சேலைத் தலைப்பால் வடித்துக் கொடுத்தார். "காணுமோ சுவாமி?" என்று திருமுழுக்குக் கொடுக்க வந்த பாதிரியாரைக் கேட்டேன். "தாராளம் பிள்ளை" என்றார் அவர். தலையில் தண்ணீர் பட்டதும் குழந்தை வீரிட்டு அழுதது. அன்றைக்குப் பெயர் எழுதிய பதிவுப் புத்தகம் அடுத்த இடப்பெயர்வில் எங்கே போனதென்று யாருக்கும் தெரியாது. ஆகவே அதற்கு நானும் அம்மாவும்தான் சாட்சி.

இப்போது விசுவமடுவில் எனக்கு இரண்டு பொறுப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குத் திருச்சபை வரலாறு படிப்பிக்கிறேன். மற்ற நாளெல்லாம் வயல். கமக்காரர் அமைப்பின் செயலாளரும் நான்தான். வாய்க்கால் கதவுப் பூட்டின் திறப்பு எப்போதும் என் கைப்பைக்குள் கிடக்கும். எந்த வயலுக்கு எந்த நாள் தண்ணீர் என்று முறை வைத்திருக்கிறோம். முறை பிசகினால் ஊரே சண்டைக்கு வரும். இதுவரை பிசக விட்டதில்லை. எனக்கு வாய் கொஞ்சம் நீளம் என்றும் சொல்வார்கள். அதுவும் உண்மைதான்.

போன சிறுபோகத்தின்போது தம்பி வந்தான். இரண்டு வருடமாகச் சந்திப் பக்கம் உள்ள வேறொரு கிறிஸ்தவ சபைக்குப் போய் வருகிறான். கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நாள் தவறாமல் வந்து பார்த்தவர்கள் அவர்கள். அதை நான் மறுக்க மாட்டேன்.

"அக்கா, நான் தண்ணிக்குள்ள முழுகி ஞானஸ்நானம் எடுக்கப் போறன். குளத்தில இறங்கேலாது, முதலை கிடக்கு. ஞாயிறு காலமை வாய்க்காலைத் திறந்து விடுங்கோவன்."

"உனக்குத்தான் எப்பவோ தந்தாச்சே."

"அது ஞானஸ்நானமே இல்லை அக்கா. விளங்காத வயசில தெளிச்சது. எங்கட பாஸ்ரரும் அதைத்தான் சொல்லுறார்."

எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறிவிட்டது. கதிரையை இழுத்துப் போட்டு அவனுக்குப் பாடம் எடுக்கத் தொடங்கினேன். மத்திய கால ஐரோப்பாவில் மருத்துவிச்சிகளுக்கே திருச்சபை இதைச் சொல்லிக் கொடுத்திருந்தது. பிழைக்காது என்று தெரிந்த குழந்தையின் தலையில் கையில் கிடைத்த தண்ணீரை ஊற்றி, சொல்ல வேண்டிய வார்த்தைகளைச் சொன்னால் போதும். குழந்தை பிழைத்துக்கொண்டாலும் இரண்டாம் தரம் கொடுக்கக் கூடாது. இவ்வளவையும் கேட்டுவிட்டு அவன் திறப்பிருந்த என் கைப்பையைப் பார்த்தான். அது என்னை இன்னும் கிண்டியது.

"தண்ணி பயிருக்கு விடுறது, உன்ர பாஸ்ரருக்கில்லை. போ" என்று அனுப்பிவிட்டேன்.

நான் சொன்ன நியாயங்கள் எல்லாம் சரி. இன்றைக்கும் அதில் ஒரு வரியைக்கூட மாற்ற மாட்டேன். ஆனால் எனக்கு வலித்தது அதற்காக இல்லை. காய்ச்சலில் கிடந்த பிள்ளைக்காக நான் சுமந்து வந்த தண்ணீர் ஒன்றுமே இல்லை என்று அந்தப் பிள்ளையே என் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

அடுத்த ஞாயிறு வகுப்பில் சீர்திருத்தக் காலம். ஐந்நூறு வருடங்களுக்கு முன், இன்றைக்கு எங்கள் சொந்தக்காரர் பாதிப் பேர் இருக்கிற அதே சுவிஸ் நாட்டில், குழந்தையில் பெற்றது செல்லாது என்று சிலர் வளர்ந்த பிறகு மறுபடியும் ஞானஸ்நானம் எடுத்தார்கள். ரோமை விட்டு அப்போதுதான் பிரிந்திருந்த நகர மன்றத்தார் அவர்களைப் பிடித்தார்கள். தண்ணீரைத்தானே விரும்பினீர்கள் என்பதுபோல ஆற்றில் அமிழ்த்திக் கொன்றார்கள். எங்கள் பக்கம் மட்டும் சுத்தம் என்று நான் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை. கத்தோலிக்க அரசர்கள் அவர்களை நெருப்பில் போட்டார்கள். எட்டு வருடமாக இந்தப் பாடம் வந்தால் எனக்குக் கொண்டாட்டம். அந்த மன்றத்தாரை வாய் வலிக்க ஏசுவேன். அன்றும் ஏசத் தொடங்கினேன். கரும்பலகையில் எழுத வெண்கட்டி தேடிக் கைப்பைக்குள் கையை விட்டேன். வாய்க்கால் திறப்புத்தான் கையோடு வந்தது.

தண்ணீரை வைத்துக்கொண்டு ஒருவனின் விசுவாசத்துக்குக் குறுக்கே நிற்கிறவள் நான். நான் யாரையும் கொல்லவில்லைதான். ஆனாலும் வெட்கமாக இருந்தது. பாடத்தை அரைவாசியில் விட்டு, பிள்ளைகளைப் பாட்டுப் பாடச் சொன்னேன்.

அன்று பின்னேரமே தம்பி வீட்டுக்குப் போனேன்.

"வியாழன் காலமை எங்கட வயலின்ர முறை. அதில ஒரு மணித்தியாலம் உனக்கு. மற்றாக்களின்ர தண்ணியில நான் கை வைக்க மாட்டன்."

"பாஸ்ரர் ஞாயிறு எண்டெல்லோ சொன்னவர்?"

"வியாழன் எண்டால் தண்ணி, ஞாயிறு எண்டால் மணல். எது வேணும் எண்டு அவரைக் கேள்."

சிரித்துவிட்டான்.

"இன்னொண்டையும் கேட்டுக்கொள். உனக்கு இது தேவையில்லை எண்டுதான் இப்பவும் சொல்லுறன்."

"தெரியும் அக்கா."

வியாழக்கிழமை கதவைத் திறந்து, கீழே மதகுக்குப் பலகை போட்டுத் தண்ணீரை மறித்தேன். இடுப்பளவு ஏறியது. அந்த ஒரு மணித்தியாலத்தால் எங்கள் வயலின் கடைசி மூலைக்கு அந்த முறை தண்ணீர் எட்டாது என்று எனக்குத் தெரியும். சபையிலிருந்து பத்துப் பேர் வந்து கரையில் நின்று பாடினார்கள். நான் கதவடியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். பாஸ்ரரும் தம்பியும் இறங்கினார்கள்.

கரையில் நின்ற எல்லாருக்கும் கேட்கும்படி பாஸ்ரர் கேட்டார்: "தம்பி, இதுக்கு முதல் நீர் ஞானஸ்நானம் எடுத்திருக்கிறீரோ?"

இல்லை என்ற பதிலைத்தான் அவர் எதிர்பார்த்தார். நானும் அதைக் கேட்க மனதைக் கல்லாக்கிக்கொண்டுதான் நின்றேன். தம்பி திரும்பி என்னைப் பார்த்தான்.

"ஓம். ஜெயபுரத்தில. அக்காதான் தண்ணி கொண்டந்தவா."

பாட்டு நின்றுவிட்டது. பாஸ்ரர் அவனைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, தம்பியின் முதுகில் கை கொடுத்துத் தண்ணீருக்குள் சாய்த்து எடுத்தார்.

அவர்கள் கரையேறிய பிறகு நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு இறங்கிப் பலகைகளை இழுத்தேன். ஈர உடுப்போடு தம்பியும் வந்து மற்றப் பக்கத்தைப் பிடித்தான். தண்ணீர் எங்கள் வயலுக்குப் போனது.