தட்டின் கடைசியில் ஒரு பெயர்

சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு வராத வித்வான் கிடையாது. அருவியில் குளித்துவிட்டு நேரே என் காப்பி கிளப்புக்கு வருவார்கள். நானும் காப்பியை ஆற்றிக்கொண்டே ஆரம்பித்துவிடுவேன். எத்தனை வயதில் அரங்கேற்றம்? எந்த ஜமீனில் கைக்குத் தங்கத் தோடா போட்டார்கள்? எத்தனை கிராமபோன் பிளேட் கொடுத்திருக்கிறீர்கள்? பெரிய வித்வான்கள் இரண்டு வார்த்தை சொல்லிவிட்டு இன்னொரு இட்லி கேட்பார்கள். கேட்டதற்கு மேலேயே சொன்னவர் ஒரே ஒருவர். அவர் வித்வானே இல்லை, ஒத்துக்காரர்.

நாகசுரக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரே சுருதியை விடாமல் ஊதுவதுதான் ஒத்து. ராகம் எங்கே போனாலும் ஒத்து இருந்த இடத்திலேயே இருக்கும். மூக்கால் காற்றை இழுத்துக்கொண்டே கன்னத்தில் இருப்பதை வெளியே விட வேண்டும். நடுவில் நின்றால் மானம் போயிற்று. ஆய்க்குடி சொரிமுத்து இருபத்திரண்டு வருஷம் இலஞ்சி ஆவுடைநாயகத்துக்கு அப்படி ஊதியவர். அந்தப் பழக்கமோ என்னவோ, பேச ஆரம்பித்தாலும் மூச்சு விடமாட்டார். குறுக்கே ஒரு கேள்வி போட இடம் கிடைக்காமல் நான் தவித்திருக்கிறேன்.

1937 ஆடியில், தெரியாத்தனமாக அவரிடமும் கேட்டுவிட்டேன்: "பிளேட்டு கொடுத்திருக்கீங்களா?"

அன்றைக்கு அடுப்பில் பால் பொங்கி வழிந்ததற்குக் காரணம் அந்தக் கேள்விதான்.

"மூணு வருசத்துக்கு முன்னால மதராஸுக்குப் போனோம் முதலாளி. ஆவுடைநாயகம் அண்ணாச்சி ஊத ஆரம்பிச்சதும், பிளேட்டு எடுக்க வந்த துரை நிப்பாட்டிட்டான். மிஷின்ல ஏதோ இரையுதுன்னு ஒவ்வொரு திருகா கழத்திப் பாக்கான். இரைஞ்சது மிஷினு இல்ல, நான்! தெரிஞ்சதும் என்னய வாசல்கிட்ட உக்காரச் சொன்னான். அப்புறம் வராந்தாவுக்கு அனுப்பிட்டான். கதவ ஒருக்களிச்சு வச்சுட்டு, அங்கன இருந்து ஊதுன்னுட்டான்."

ஊதியிருக்கிறார். அதோடு விட்டிருந்தால் இந்தக் கதை இல்லை. ஆனால் சொரிமுத்து சின்ன வயதில் இலஞ்சிப் பண்ணையார் வீட்டில் பழைய பிளேட்டுகள் கேட்டவர். அந்தக் காலத்துப் பிளேட்டுகளில் பாட்டு முடிந்ததும் பாடியவர் தன் பெயரைத் தானே உரக்கச் சொல்லுவார். அந்த வழக்கம் எப்போதோ ஒழிந்துவிட்டது. அது சொரிமுத்துவுக்குத் தெரியாது. பெயர் சொல்லாவிட்டால் பிளேட் செல்லாது என்றே நினைத்திருந்தார்.

"ராகம் முடிஞ்சுது. அண்ணாச்சி பேரு சொல்லக் காணோம். மறந்துட்டாகபோலன்னு கதவத் தள்ளிட்டு உள்ள ஓடி, 'ஆய்க்குடி ஒத்து சொரிமுத்து!'ன்னு கூவிட்டேன். அடுத்தால அண்ணாச்சி பேரத்தான் சொல்ல இருந்தேன். அதுக்குள்ள துரை ஊசியத் தூக்கிட்டான்."

"வித்வான் பேரை முதல்ல சொல்லியிருக்கலாமே?"

பேச்சிலும் நிற்காத அந்த ஒத்து முதல் தடவையாக நின்றது.

"சொல்லியிருக்கணும்" என்றார்.

பதிவு செய்ய மிச்சம் இருந்ததே அந்த ஒரு மெழுகுத் தட்டு. துரைக்கு மறுநாள் கப்பல். கம்பெனி அப்படியே வெளியிட்டுவிட்டது. நடுவில் ஒட்டிய காகிதத்தில் ஆவுடைநாயகம் பெயர்தான் இருக்கிறது, ஆனால் சுற்றும் தட்டில் அதை யார் படிப்பது? காதில் விழுந்ததுதான் பெயர். வடகரைக் கல்யாணத்தில் பெண்ணின் தகப்பனார் ஆவுடைநாயகத்தைப் பார்த்து, "சொரிமுத்து வரலியா? நீங்க அவருக்கு என்ன வேணும்?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். அன்றைக்கே சொரிமுத்துவுக்குச் சீட்டுக் கிழிந்தது.

அதற்கப்புறம் ஆய்க்குடியில் வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சினார். ஒத்துக் குழலைத் துணிப்பையில் போட்டு அக்குளில் இடுக்கிக்கொண்டுதான் வரப்பில் நடப்பார். "ஒரு பேரக் கூவி, இருந்த பொழப்பையும் கெடுத்தாரு" என்று அவர் மனைவி குழல்வாய்மொழி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"எனக்குப் பேரும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம் முதலாளி. மறுபடி அண்ணாச்சி பக்கத்துல உக்காந்தாப் போதும்" என்று சொல்லும்போது அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கும்தான்.

தென்காசியில் அலைந்து அந்தப் பிளேட்டை வாங்கினேன். அடுத்த வாரம் ஆவுடைநாயகம் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்ததும், உள்ளே பாத்திரங்களுக்கு நடுவில் பதுங்கியிருந்த சொரிமுத்துவை இழுத்து வந்து எதிரே நிறுத்தினேன். வித்வான் போக எழுந்தார். நான் வாசலை மறித்துக்கொண்டு கிராமபோனைத் திருகிவிட்டேன். கோபத்தில் அவர் அதுவரை அந்தப் பிளேட்டைக் கேட்டதே இல்லை. சொரிமுத்து வெட்கத்தில் கேட்டதில்லை.

நாகசுரம் கணீரென்று வந்தது. வித்வான் முகம் சுளித்தார்.

"என்னவே இது, மொட்டையா இருக்கு? ஒத்து எங்க?"

ஒத்து இல்லை. வராந்தாவிலிருந்து ஊதியதில் ஒரு துளிகூட உள்ளே ஏறவில்லை. தான் ஊதிய மூன்று நிமிஷமும் அந்தத் தட்டில் இல்லை என்பது சொரிமுத்துவுக்கு அப்போதுதான் தெரிந்தது. கன்னமெல்லாம் ஒட்டிப்போய் நின்றார்.

"நிப்பாட்டும்வே!" என்று கத்தினார் ஆவுடைநாயகம். "ஏலே, பையில என்ன வச்சிருக்க? எடுலே ஒத்த!"

மறுபடி முதலிலிருந்து வைத்தேன். சொரிமுத்து ஊதினார். சுருதி சேரவில்லை. வித்வான் என்னைத் தள்ளிவிட்டு, கிராமபோனின் வேகத் திருகைத் தானே திருகி, தட்டில் ஒலித்த தன் நாகசுரத்தைச் சொரிமுத்துவின் ஒத்துக்கு இறக்கிச் சேர்த்தார். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டார். இட்லி கேட்டு வந்த கூட்டம் வாசலிலேயே நின்றுவிட்டது.

ராகம் முடிந்தது. தட்டு கூவியது: "ஆய்க்குடி ஒத்து சொரிமுத்து!"

ஊசி கரகரத்தது. சொரிமுத்து ஒத்தை வாயிலிருந்து எடுத்தார். எழுந்து, அருவிச் சத்தத்தையும் அமுக்குகிற குரலில் கூவினார்:

"வித்வான் இலஞ்சி ஆவுடைநாயகம்!"

வித்வான் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டு பேரச் சொல்லி முடிக்க மூணு வருசமா இழுத்திருக்கான் பாரும்வே, ஒரே மூச்சுல" என்றார் என்னிடம். பிறகு சொரிமுத்து பக்கம் திரும்பாமலே, "ஆவணி பொறந்ததும் தென்காசில ஒரு கல்யாணம். வந்து சேரு. வாயத் தெறக்காத" என்றார்.